இடுப்புக்கு மேல் சமூக ஆர்வலர்

அன்றைக்கு அவருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் வீட்டில்தான் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டார், டீ குடித்தார், நன்றாக இருந்தார். இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. யாருடைய உத்தரவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊருக்குக் கேபிளும் நெட்டும் கொடுப்பது நாங்கள், அதாவது நானும் என் வீட்டுக்காரரும். முன் அறை ஆபீஸ். அடுத்த அறையில் மெஷின்கள். படம் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, படத்தை வர வைப்பது அவர் வேலை. ஊரில் நெட் திக்காமல் திணறாமல் வருகிற ஒரே இடம் எங்கள் முன் அறைதான். அதனால்தான் அந்த மனிதர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

மில்லில் டைம் ஆபீசில் வருகைப் பதிவு எழுதியவர். தொழிற்சங்கத்தின் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தால் ஷிப்டு மாறுகிறவரை விடமாட்டார் என்று சொல்வார்கள். மில்லை மூடிவிட்டார்கள். அவருடைய வாயை மூட யாராலும் முடியவில்லை. லாக்டவுன் சமயத்தில் சேனல்கள் செய்தி விவாதத்துக்கு ஆட்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடாமல் போனிலேயே பேச வைத்தார்களே, அப்போது பழைய சங்கத்து ஆள் ஒருவர் இவர் நம்பரைச் சென்னை சேனல் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார். முதல் நாளே அவர் முகத்துக்குக் கீழே 'சமூக ஆர்வலர், புதுச்சேரி' என்று போட்டார்கள். மறுநாளிலிருந்து ஊரில் அவருக்கு அதுவே பெயர். "ஆர்வலர் வராரு", "ஆர்வலருக்கு ஒரு டீ" என்றால் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. பதில் சொல்லாமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ரேஷன் கடைக்காரர் ஒருநாள், "இன்னா சார், இவ்ளோ லேட்டு?" என்று கேட்டதற்கு, "நான் நேரத்தோட வந்தா நீ வந்திருக்க மாட்ட. அதான் ரெண்டு பேரும் ஒண்ணா வரலாம்னு பாத்தேன்" என்றார். கண்டக்டர், டாக்டர், சாமியாடி என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார். அவர் வீட்டம்மா மட்டும் ஒன்றும் கேட்கமாட்டார். "கேட்டா பதில் சொல்லுவாரே" என்று பயந்துகொண்டு சும்மா இருந்துவிடுவார்.

அவருடைய கோட்டு எங்கள் ஆபீஸ் ஆணியிலேயே தொங்கியது. சாம்பல் நிறம். மகன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. சாயங்காலம் வந்து முகம் கழுவி, பவுடர் போட்டு, சட்டைமேல் கோட்டை மாட்டிக்கொள்வார். கீழே நீலக்கட்டம் போட்ட லுங்கி, அதுவும் மடித்துக் கட்டியது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேமராவுக்கு எதுக்கும்மா பேன்ட்டு? அது இன்னா, இடுப்புக்குக் கீழயா கேள்வி கேக்குது?" என்றார்.

பழைய செட்டாப் பாக்ஸ்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைப்போம். அவருக்குப் பின்னால் என் மகனுடைய இன்ஜினியரிங் கைடுகள். எதிரொலி வராமலிருக்க ஆபீஸ் டி.வி.யை அணைத்துவிடுவேன். இவ்வளவும் ஆன பிறகு சேனலிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பையன் கூப்பிடுவான்.

"சார், இன்னிக்கு நீங்க கலாச்சாரம் பக்கம்."

"ரொம்பவாப்பா, லேசாவா?"

"ரொம்ப சார்."

சரி என்று தலையாட்டிவிட்டு ரொம்பக் கலாச்சாரமாகிவிடுவார். அதுவரை என்னிடம் போன வாரத்துச் சீரியலில் இரண்டாவது மருமகள் விஷத்தை எந்தப் பாலில் கலந்தாள் என்று விசாரித்துக்கொண்டிருந்த மனிதர், கேமரா பச்சையானதும், சீரியல்கள் நம் குடும்பங்களைச் சீரழிக்கின்றன என்று மேசையைத் தட்டுவார். அவர் தட்டுகிற அதே சேனலில்தான் அந்த மருமகள். அவர் பேசி முடித்ததும் விளம்பரம் போட்டு, அதற்கடுத்து அவளுடைய பால் கொதிக்க ஆரம்பிக்கும். அவரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பார்ப்பார்.

மதுவிலக்கு வேண்டுமா என்று ஒருநாள் விவாதம். இவர் குடிக்காதவர், கெட்டுப்போன வீடுகளை மில் வாசலில் நிறையப் பார்த்தவர். அன்று மட்டும் எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை, மனசாரப் பேசினார். முடிந்த கையோடு சேனலிலிருந்து போன். ஒருங்கிணைப்பாளருக்கும் மேலே இருக்கிறவராம். பிரமாதம் சார் என்று புகழ்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த தடவை சென்னை வரும்போது உங்க ஊர்லேர்ந்து நல்ல சரக்கா ரெண்டு கொண்டாங்களேன் என்றார்.

"கொண்டாரேன் தம்பி. கேமராவுக்கு முன்னாடியே குடுக்கட்டுமா?" என்று கேட்டார் இவர். அந்தப் பக்கம் லைன் தானாகக் கட்டானது. ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறுவாரம் கூப்பிட்டபோது போய் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டுவிட்டேன். "இதெல்லாம் நம்பியா பேசறீங்கண்ணா?"

"தோத்துப் போற கேஸுக்கும் கேட்ல நின்னு பேசியிருக்கேன்மா. பேச்சு ஒரு வேலை."

"இங்க யாரையாவது திட்டச் சொல்றாங்களே?"

"யாரை? பேரு ஊரு இல்லாத ஆளத்தான திட்டறோம். யாருக்கும் வலிக்காது."

இதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

எங்களிடம் லைன்மேனாக இருப்பவருக்கு ஒரே பெண். டவுனில் துணிக்கடையில் வேலை. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதுகூட ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓடுவாள். காட்டேரிக்குப்பத்து மாப்பிள்ளைக்குப் பேசி, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊர்த் தேர் அன்று, தேர் நிலைக்கு வந்த சந்தோஷத்தில், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு தேருக்கு முன்னால் நாலு அடி ஆடினாள். தோழி ஒருத்தி போனில் பிடித்தாள். பக்கத்தில் அவள் அம்மா நின்று கை தட்டினாள். இவ்வளவுதான் நடந்தது.

ஆடினது தானாக ஆடினதும் இல்லை. அந்தச் சேனலின் ஞாயிற்றுக்கிழமை நடனப் போட்டியில் அந்தப் பாட்டும் அந்த அடியும் வந்து, நடுவர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்திருந்தார்கள். 'இதே அடியை உங்கள் ஊரில் ஆடி எங்களுக்கு அனுப்புங்கள், நல்லதை ஒளிபரப்புகிறோம்' என்று தொகுப்பாளினி கண்ணடித்துக் கூப்பிட்டிருந்தாள். இவள் அனுப்பினாள். சேனலும் சொன்னபடி ஒளிபரப்பியது. நடனப் போட்டியில் இல்லை, செய்தி விவாதத்தில். 'பக்தியா? பகட்டா?' என்று தலைப்பு.

அன்றைக்கு ஒருங்கிணைப்பாளர் பையன் சொன்னது, "ஏதோ ஒரு கிராமத்துத் தேர் சார், ஒரு பொண்ணு ஆடுது. முகத்த மறைச்சுதான் போடறோம். நீங்க கலாச்சாரம்." எந்த ஊர் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. போனில் இவருக்குத் தெரிவது பேசுகிறவர்களின் முகங்கள் மட்டும். டி.வி.யில் ஓடுகிற படம் தெரியாது. எனக்கும் தெரியாது, எங்கள் டி.வி.தான் அணைந்திருந்ததே.

முகத்தை மறைத்தார்கள். தாவணியை மறைக்கவில்லை. எங்கள் ஊர்த் தேரை மறைக்கவில்லை. கை தட்டுகிற அம்மாவையும் மறைக்கவில்லை. அந்த நாலு அடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டே, இது பார்க்கத்தக்கதா என்று நெறியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். "தாயே பக்கத்தில் நின்று கை தட்டுகிறார் சார், என்ன சொல்கிறீர்கள்?" என்று இவரிடம் திரும்பினார்.

இவர் தயாராக இருந்தார். "பெற்ற தாயே கை தட்டி ஆடவிட்டால், அந்தப் பெண் போகிற வீடு எப்படி விளங்கும்?"

நல்ல வீச்சு. நெறியாளர் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிக் காட்டினார். யாரோ வேறொருவர் பேச ஆரம்பிக்க, இவர் எனக்குப் புருவத்தை உயர்த்திக் காட்டிவிட்டு ஆறிப்போன டீயை எடுத்தார்.

அப்போதுதான் லைன்மேன் மனைவி செருப்பில்லாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ள ரூமுக்குள்ள போய் தாப்பா போட்டுக்கினா. எவ்ளோ தட்டியும் கொரலே வரலக்கா. இவரு நெட்டப்பாக்கம் பக்கம் ஏதோ கம்பத்து மேல இருக்காரு, போன எடுக்கல. யாரையாச்சும் அனுப்புக்கா." சொல்லிக்கொண்டே வந்தவள், கோட்டும் காதில் ஒயருமாக உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் பார்த்தாள். திட்டவில்லை. "அது எம் பொண்ணுண்ணா" என்றாள்.

போனிலிருந்து நெறியாளர் குரல் வந்தது. "சார், இதற்கு உங்கள் பதில் என்ன?"

அவர் எழுந்தார். அவ்வளவு வருஷப் பழக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் எழுந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். காதிலிருந்த ஒயரோடு போனும் இழுபட்டுச் சாய்ந்தது. சாய்ந்த போன் முழுசாகக் காட்டிவிட்டது. மேலே கோட்டு, கீழே மடித்துக்கட்டின நீலக்கட்டம் லுங்கி, இரண்டு முழங்கால், பிறகு வாசலைத் தாண்டி ஓடுகிற முதுகு. நேரலை. தமிழ்நாடும் புதுச்சேரியும் பார்த்தது.

நானும் அவளும் பின்னாலேயே ஓடினோம். எங்கள் தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு ரொம்பத் தூரமில்லை. போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்த விவாதம்தான் கேட்டது. நம்ம ஊர்த் தேர் டி.வி.யில் வருகிறது என்று எல்லோரும் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு டி.வி.க்கும் அந்தப் பெண்ணின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டிருக்கும். கதவை உடைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

அவர் கதவில் கையை வைத்து நின்றார். மூச்சு வாங்கியது.

"பாப்பா, நான்தான். அந்த வார்த்தய சொன்னது நான்தான்."

கதவில் காதை வைத்துப் பார்த்தார்.

"நீன்னு தெரியாது பாப்பா. தெரியாத பொண்ணா இருந்தா மட்டும் சொல்லலாமான்னு கேட்டன்னா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. தப்புதான். உங்கம்மா கை தட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. நீ ஆடுனதுலயும் இல்ல. என் வாய்தான் தப்பு. கதவ தொற பாப்பா."

ரொம்ப நேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்த சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க பெரியப்பா. நிறுத்தவே மாட்டேன்றாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. மெஷின் அறையில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"மெஷின் எல்லாத்தயும் ஆஃப் பண்ணு."

"இன்னாடி சொல்ற? அடுத்தது சீரியலு. ஊரே வந்து ஒதைக்கும்."

"ஒதைக்கட்டும். நீ மெயின எறக்கு."

இறக்கினார். அந்தத் தெருவில் டிஷ் வைத்தவர்கள் யாருமில்லை, நல்லவேளை. அத்தனை வீட்டுப் பேச்சும் ஒரே சமயத்தில் நின்றது. நெறியாளர் ஏதோ ஒரு வார்த்தையின் பாதியில் போனார். ஏரிப்பக்கத்துத் தவளைச் சத்தம் கேட்டது. எங்கள் கேபிளால் ஊருக்கு நான் செய்த ஒரே நல்லது அதை நிறுத்தியதுதான் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

"நின்னுடுச்சு பாப்பா. இப்ப யாரும் பேசல" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. அம்மாக்காரி மகளை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வீங்கியிருந்தது. அம்மாவின் தோளுக்கு மேலே இவரைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கோட்டு மாட்டிக்கினு லுங்கியோடயா வந்தீங்க?" என்றாள். அழுகை நடுவில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவர்தான் அழுதார்.

ஆஃபாகிப் போன கேபிளுக்கு, ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிட்டது என்று நான் ஊருக்குப் பொய் சொன்னேன். அவர் சொன்ன பொய் என்னுடையதைவிடப் பெரியது. மறுநாள் காலையில் எங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது ஒருங்கிணைப்பாளர் பையன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், என்ன ஆச்சு? ஏன் எழுந்து ஓடினீங்க? வீடியோ எங்க பாத்தாலும் ஓடுது சார். காரணம் சொல்லுங்க, அத வெச்சே ஒரு எக்ஸ்க்ளூசிவ் பண்ணிடலாம்."

"வயித்துக் கோளாறுப்பா. அடக்க முடியல" என்றார்.

அந்தப் பக்கம் பலபேர் சிரிப்பது கேட்டது. அவனும் போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தான் போலிருக்கிறது.

வைத்தபிறகு, "ஏண்ணா இப்படி?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொன்னாலும் மோப்பம் புடிச்சிக்கினு வருவானுங்கம்மா. எந்த வூடு, எந்தப் பொண்ணு, எந்தக் கதவுன்னு மைக்க நீட்டுவானுங்க. வயிறுன்னு சொல்லிட்டா எவனும் பின்னாடியே வரமாட்டான்."

ஒருவரும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேனலின் காமெடி நிகழ்ச்சியில் கோட்டும் லுங்கியும் போட்ட ஒரு நடிகர், கையில் சொம்போடு மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடினார். நடுவர்கள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார்கள். சிறப்பு விருந்தினராக வருகிறீர்களா என்று இவரையே கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றார். அடுத்த வாரம் அதே நெறியாளர், முகத்தை அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டு, 'தனிமனிதர்களைக் கேலி செய்வது எங்கே போய் முடியும்?' என்று விவாதம் நடத்தினார். கேலிக்கு உதாரணமாக இவர் லுங்கியோடு ஓடுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டி.வி.யின்மேல் டம்ளரை எறிந்தேன். நல்லவேளை, பிளாஸ்டிக்.

ஊரும் விடவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், "இன்னா ஆர்வலரே, இப்ப எப்படி இருக்குது வயிறு?" என்று கேட்காத ஆளில்லை. கண்டக்டரையும் டாக்டரையும் மடக்கின மனிதர் ஒரு சிரிப்போடு கடந்து போய்விடுவார். ஊர் வாய்க்கு ஒரு சமயத்தில் ஒரு பண்டத்தைத்தான் மெல்ல முடியும். அவரை மென்றதில், தேருக்கு முன்னால் ஆடின பெண்ணை மறந்துவிட்டது. காட்டேரிக்குப்பத்தார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான ஆடுது" என்று சொன்னதோடு சரி. கதவு விஷயம் வெளியே வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சேனல்காரர்கள் திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "எந்தப் பக்கமும் எனக்கு வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். கோட்டு எங்கள் ஆணியிலேயே தூசி படிந்து தொங்கியது. அதை அவர் மறுபடி எடுத்தது அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குத்தான். வில்லியனூரில் கோயிலில் தாலி, பக்கத்திலேயே மண்டபம். கரை வேட்டியும் அதன்மேல் அந்தச் சாம்பல் கோட்டுமாக அவர் மண்டபத்துக்குள் வந்ததும் சமையல்கட்டுவரை சிரிப்பு போனது. மேடையேறி ஓரமாக நின்றார். போட்டோக்காரர் பையனும் விட்டுவைக்கவில்லை. "சார், உங்கள இடுப்புக்கு மேல மட்டும் எடுக்கட்டுமா?"

மணப்பெண் மாலையைச் சரிசெய்துகொண்டு, "முழுசா எடுங்கண்ணா. பாதம் வரைக்கும் தெரியணும்" என்றாள்.

அந்தப் போட்டோ அவள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. இருமல் என்று படுத்தவர், கொஞ்ச நாளில் போய்விட்டார். எடுத்துப் போகிற அன்று, துக்கத்துக்கு அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒருவர், வாசலில் மாலை போட்டு வைத்திருந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரா? அந்த வயித்துக் கோளாறுக்காரரு இல்ல?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் கைக்குழந்தையோடு எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவளும் கேட்டிருக்கிறாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள்.

"நீங்கதான் எதையாச்சும் எழுதிக்கினே இருப்பீங்களே அத்தை. அவர எழுதுங்க."

"உன் கதையும் வருமேடி. உன் வீட்டுக்காரரு?"

"அவருகிட்ட நானே சொல்லிட்டேன். கதவு, தாப்பா, எல்லாத்தயும் எழுதுங்க." ஆணியில் தொங்கிய கோட்டைக் குழந்தை எட்டிப் பிடித்து இழுத்தது. அவள் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். "ஆனா ஒண்ணு அத்தை. அவருக்கு அன்னிக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சுன்னு அத மொதல்ல எழுதுங்க."